அந்தப் பைப்பில் வெல்டு வைக்காதீர்கள்

புதுச்சேரிக் கடலோரத்தில் எங்கள் நல்லவாட்டுக்கு வடக்கே காலாப்பட்டில் 1985 முதல் உப்புக்கரைசலிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். தெற்கே கடலூர் சிப்காட்டில் வரிசையாக ரசாயன ஆலைகள். 2025 மே மாதம் அங்கே கழிவுநீர்த் தொட்டி வெடித்துக் குடிகாடு கிராமத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததால் தொட்டிகளைப் பற்றி நிறையப் பேசினோம். பைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தகைய ஆலைகளில் ஓடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெறும் இரும்பை அரித்துத் தின்றுவிடும் என்பதால், உள்ளே டெஃப்லானோ பாலிபுரொப்பிலீனோ உறையாகப் போட்ட இரும்பு பைப்புகளில் அதைக் கொண்டுபோவது வழக்கம். உறை போட்ட பிறகு அந்தப் பைப்பில் வெல்டிங் தீ படவே கூடாது. இதை ஆலையின் நல்ல பழக்கத்துக்கு விட்டுவிடாமல், ஆய்வாளர் வந்து பார்க்கும் விதியாக்க வேண்டும்.

பைப்பை வெட்டி, துண்டுகளைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சை வெல்டு செய்து, உள்ளே துருத்தும் வெல்டு மேட்டைக் கிரைண்டரால் வழவழப்பாக்கிய பிறகே உறையைச் செலுத்துகிறார்கள். உறையில் ஓட்டை இருக்கிறதா என்று கடைசியில் மின்பொறியால் சோதிக்கும் ஸ்பார்க் டெஸ்ட். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், டெஃப்லான் 327-ல். வெல்டிங்கில் இரும்பே உருக 1,500 டிகிரி வேண்டும். ஒழுகலை அடைக்கக்கூட வேண்டாம், பைப்பைத் தாங்க வெளியே ஒரு ஆங்கிள் துண்டை ஒட்டினாலே உள்ளே உறை வெந்துபோகும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? டெஃப்லான் உறை போட்ட பைப்பின் மேல் சில மில்லிமீட்டர் அளவில் சிறு துளை ஒன்றும் இருக்கும். உறையை ஊடுருவும் ஆவி வெளியேறும் வழி அது. அங்கே அமிலம் சொட்டினால் உறை கிழிந்துவிட்டது என்று பொருள். புதிதாக வந்த கான்ட்ராக்ட் வெல்டர் கண்ணுக்கு அது வெறும் ஓட்டை, அடைத்துவிடுவார். ஆவி உள்ளேயே தேங்கி உறையை நசுக்கும், சொட்டும் எச்சரிக்கையும் போகும்.

வெல்டு வைக்காமல் ஆலையை நிறுத்தினால் ஷட்டவுன் செலவு தாங்காது என்பார்கள் ஆலைக்காரர்கள். போல்ட்டைக் கழற்றி மாற்றத்தானே இந்தப் பைப்பைத் துண்டு துண்டாகச் செய்கிறார்கள்? அடிக்கடி பழுதாகும் வளைவுகளுக்கு மாற்றுத் துண்டு கையிருப்பில் இருந்தால் நின்றுபோகும் நேரம் குறையும். ஃபிளாஞ்சும் ஒழுகுமே என்பது நியாயமான கேள்வி. டெஃப்லான் அழுத்தத்தில் மெல்ல நகரும், போல்ட் தளரும். ஓட்டிப் பார்த்து ஆறிய பிறகு மறுபடி முறுக்குவதையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். எண்ணெய் வயல்களில் உறை பைப்பையே வெல்டு செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அது இணைப்புக்கென்றே தனி முனை செய்து முன்கூட்டியே வடிவமைப்பது, ராத்திரி ஷிஃப்டில் அவசரத்துக்கு வைக்கும் ஒட்டு அல்ல. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்று சேர்த்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் ‘வெல்டு கூடாது’ என்று தமிழிலும், வெளிமாநிலத்தார் வேலை செய்யும் இடங்களில் இந்தியிலும் பெயின்டால் எழுத எவ்வளவு செலவாகிவிடும்?