கூட்டிருக்கிறவர்களுக்கும் நோய் உண்டு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

இந்த ஆடி அமாவாசைக்கு நம்ம குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலிக்குப் போயிருந்தேன். அவர் போன பிறகு வருகிற முதல் ஆடி. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நானே பலி போட்டேன். முடித்துவிட்டு பொருட்காட்சிக் கூட்டத்துக்குள் நடந்து வரும்போது "டீச்சரே" என்று ஒரு குரல். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். பையன் என்ன பையன், தலை பாதி நரைத்துவிட்டது. அவனுடைய அம்மாவுக்கு இரண்டு மாதமாக டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் இவன்தான் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகிறான். பேசிக்கொண்டே வந்தவன் சொன்னான்: "அந்த நர்சுகளுக்க பேச்சைக் கேட்டா கோவம் தலைக்கு ஏறுது டீச்சரே. ஒரு நாள் நான் கை வச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

"அப்படிச் சொல்லாத மக்களே" என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் வேறொன்றும் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறதே என்று தோன்றியது. பெயரைப் போடவில்லை. வாசித்தால் அவனுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சர்க்கரை நோய் மெல்ல மெல்ல சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. இரண்டு வருஷம் டயாலிசிஸ் செய்தோம். "செய்தோம்" என்றுதான் சொல்வேன். ஊசி அவருக்கு, வெளியே பெஞ்சு எனக்கு. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். போக்குவரத்தும் காத்திருப்பும் சேர்ந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

ஆசுபத்திரியை விட வீட்டில்தான் கஷ்டம் அதிகம். சிறுநீர் சரியாகப் போகாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் டாக்டர் அளந்துதான் குடிக்கச் சொல்வார். பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும் என்பதால் இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது. முற்றத்தில் தென்னையும் பின்பக்கம் மட்டிக்குலையும் நிற்கிற நம்ம ஊரில் இதைச் செயல்படுத்திப் பாருங்கள். "இத்திரி வெள்ளம் தா" என்று அவர் கேட்பார். நான் டம்ளரை அளந்து கொடுப்பேன். வயலுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி ஒரு காலத்தில் குடித்தவர், அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் அவருக்குப் போலீஸ்காரி ஆகிப்போனேன். அவருக்கு என் மேல் கோபம். எனக்கு அவர் மேல் கோபம். அந்தக் கோபத்தை வெளியே சொன்னால் பாவம் என்ற பயம் வேறு.

எனக்குத் தூக்கம் போனது. பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டானது. வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரித்தார்கள், அது நியாயம்தான். நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்து ஆசுபத்திரிகளில் நோயாளியோடு இருப்பவரைக் கூட்டிரிப்புகாரர் என்பார்கள். இங்கேயும் கூட்டிருக்கப் போகிறோம் என்றுதான் சொல்கிறோம். இருப்பதற்கு ஒரு சொல் உண்டு. ஆனால் அப்படி இருக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று கேட்க ஆள் இல்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தோம். ஒன்பது ஆகியும் கூப்பிடவில்லை. அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நர்சுப் பிள்ளை வந்து, "கொஞ்சம் பொறுங்க அம்மா, மெஷின் சரியாகல்ல" என்றாள். நான் எழுந்து நின்று, "உன் அப்பனா இருந்தா இப்படிக் காக்க வைப்பியாட்டி?" என்று கத்தினேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டை. அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவள் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். அதே பிள்ளைதான் ஊசி போட்டாள். கை நடுங்கியது. டயாலிசிஸுக்காக அறுவை செய்து பெரிதாக்கி வைத்த ரத்தக்குழாயில் ஊசி சரியாக நிற்க வேண்டும், விலகினால் ரத்தம் வெளியே கசிந்து கை வீங்கிவிடும். அன்றைக்கு விலகியது. கை நீலம் பாரித்து ஒரு வாரம் கிடந்தார். என் பேச்சால்தான் விலகியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. என் பேச்சு காரணமே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. முந்தின நாள் ராத்திரி ஷிப்டு பார்த்த பிள்ளை அவள், மாற்றி விட ஆள் வராததால் தொடர்ந்து நின்றாள் என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி பிறகு சொன்னாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஓடுத பஸ்ஸில டிரைவருக்கிட்ட சண்டை பிடிக்கப்பிடாது, கேட்டியா?"

அவர் நிதானமாகத்தான் சொன்னார். என்னால் அன்று சோறு சாப்பிட முடியவில்லை. அடுத்த முறை போனபோது அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதெல்லாம் தெனம் கேக்கிறதுதான் அம்மா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்தப் பெஞ்சில் இருந்த காலத்தில்தான், 2024 நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகந்நாதனைக் கத்தியால் குத்திய செய்தி வந்தது. கைதானது, அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். அம்மாவுக்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்ற கோபம் என்று செய்திகள் சொல்லின. டாக்டர் பிழைத்துக்கொண்டார். மற்ற டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எங்கள் பெஞ்சில் ஒருவர், "இப்பிடி நாலு பேருக்கு விழுந்தாத்தான் சரியாவும்" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. ஆனால் எனக்கும் அந்தக் கத்திக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்த்தேன். நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

அதற்கு முந்தின வருஷம், 2023 மே 10 அன்று, கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா ஆசுபத்திரியில் வந்தனா தாஸ் என்ற இளம் பெண் டாக்டர் குத்திக் கொல்லப்பட்டார். போலீசார் சிகிச்சைக்குக் கூட்டி வந்த ஒரு மனிதர்தான் குத்தியதாக வழக்கு. அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்று வாசித்தபோது பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டேன். படித்தவன் செய்யமாட்டான் என்று சொல்லிச் சொல்லித்தானே நாங்கள் பாடம் நடத்தினோம்.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வேண்டும். கத்திக்கும் கை ஓங்கலுக்கும் எந்த நியாயமும் கிடையாது. ஆனால் ஓங்கின பிறகுதான் சட்டம் வரும். ஓங்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் தூங்காத ஒரு மகனும், கேள்விக்குப் பதில் கிடைக்காத ஒரு மனைவியும், சோறு தின்ன நேரமில்லாத ஒரு நர்சும் ஒரே வராந்தாவில் நிற்கிறார்கள். அந்த இடத்தைச் சரி செய்யாமல் வாசலில் காவலுக்கு ஆள் போட்டு மட்டும் பிரயோசனம் இல்லை என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்று ஓர் அம்மா இருந்தார். முதலில் நர்சு, பிறகு சமூகப் பணியாளர், பிறகு டாக்டர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் பணக்கவலையிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொன்னவர். அந்த வழியை நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கி நடத்திக் காட்டினார். 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. நம்ம மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறது. நல்ல காரியம். அப்படி வருகிறவர்கள், "நீங்க தூங்குறீங்களா அம்மா?" என்று கூட்டிருக்கிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதி பாரம் இறங்கும்.

ஆசுபத்திரி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். தாமதம் என்றால் ஏன், எவ்வளவு நேரம் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். தெரியாமல் காத்திருப்பதுதான் மனிதனை மிருகமாக்குகிறது. இரண்டாவது, ஷிப்டுக்கு ஆள் போட வேண்டும். இரவும் பகலும் நிற்கிற பிள்ளையிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்க முடியாது.

சொந்தங்களிடம் கேட்பது ஒன்று. பழக்கூடையோடு வந்து, யூடியூபில் பார்த்த மூலிகை வைத்தியம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "செவ்வாய்க்கிழமை நான் ஆசுபத்திரியில இருக்கேன், நீ வீட்டில படு" என்று சொல்லுங்கள். இரண்டு வருஷத்தில் அப்படிச் சொன்னது என் நாத்தனார் ஒருத்திதான். அந்த ஐந்தாறு நாட்கள்தான் நான் முழுசாகத் தூங்கின நாட்கள்.

ஆற்றங்கரையில் பார்த்த என் மகனே, இனி உனக்கு. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. டாக்டர் வரும்போது வரிசையாகக் கேள், புரியாவிட்டால் திரும்பக் கேள். முறை தவறு நடந்தால் எழுத்தில் புகார் கொடு, அது உன் உரிமை. உன் தம்பியிடமும் தங்கையிடமும் வாரத்தில் ஒரு நாளாவது கேட்டு வாங்கு. கோபம் தலைக்கு ஏறினால் வெளியே வந்து ஒரு சாயா குடி. அம்மாவின் கையில் ஊசி போடப்போகிற கையை நடுங்க வைக்காதே. என்னிடம் படித்த பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று நர்சுகள். உன் வகுப்பிலேயே உன் பக்கத்து பெஞ்சில் இருந்தவள் ஒருத்தி இப்போது வளைகுடாவில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறாள். இந்தப் பதிவை அவளும் வாசிப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். உன் அம்மாவுக்கு நான் வந்து கூட்டிருக்கிறேன். நீ வீட்டில் போய்ப் படு. சும்மா சொல்லவில்லை, போன் பண்ணு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
குழித்துறை