எழுதாதவர்களின் போர்

பினாங்கு, சூலியா தெருவில் இன்று நடப்பவரின் கண்ணில் நாணய மாற்றுக் கடைகளும் தங்கும் விடுதிகளும் நாகூர் தர்காவும் படும். போரின் சுவடு எளிதில் தென்படாது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் நகரின் மீது குண்டு வீசின. அப்போது மக்கள் ஓடி ஒளியவில்லை. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். பலர் நின்ற இடத்திலேயே மாண்டனர்.

அடுத்த சில நாளில் ஆங்கிலேயர்கள், ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டுச் சென்றனர். மற்றவர்களுக்குச் சொல்லவும் இல்லை. அப்போது ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர் ம. சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். இலங்கைத் தமிழரான அவர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். எனவே, அவர் செய்தது இன்றும் நிலைத்திருக்கிறது.

எழுதத் தெரியாதவர்கள் என்ன ஆனார்கள்?

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைத்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கு 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தோர் பல நூல்கள் எழுதினர். ஆனால், ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு பேர், இறந்தவர்களும் அப்படியே. மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். காடு, மழை, காலரா எல்லாவற்றையும் கண்டு திரும்பியவர்கள் தாள் எடுத்து எழுதவில்லை, கேட்டவர்களிடம் சொன்னார்கள். கேட்டவர்கள்தாம் மிகக் குறைவு.

அதே காலத்தில், 1943இல், சுபாஷ் சந்திரபோஸின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர்கள் பலர் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அந்தப் படைக்குத் துணை நின்றதும் ஜப்பான். சயாமுக்கு ஆள் பிடித்ததும் ஜப்பான். படைவீரரின் பேச்சில் பெருமிதம் இருக்கும். சயாமுக்குப் போன கணவனை இழந்தவரின் பேச்சில் கசப்பு இருக்கும். வரலாற்று நூல் தொகுப்பவர் இவ்விரண்டையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்க முயலக்கூடாது. இரண்டும் அருகருகே அச்சாக வேண்டும்.

முதியோரின் நினைவை நம்ப முடியாது என்பார் சிலர். அது ஓரளவு உண்மை. ஆண்டு மாறும், ஊர்ப்பெயர் குழம்பும். ஆனால், ஆண்டுகளைச் சரிபார்க்க ஆவணங்கள் இருக்கின்றன. அடுப்பில் என்ன வெந்தது என்பதைப் பெரும்பாலான ஆவணங்கள் சொல்லா. சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பிழையை அடிக்குறிப்பில் சுட்டினால் போதும்.

கேட்கும் முறையும் முக்கியம். “போரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால், எங்கோ படித்ததும் படத்தில் பார்த்ததும்தான் பதிலாக வரும். “அரிசி கிடைக்காதபோது வீட்டில் என்ன சமைத்தார்கள்?” என்று கேட்டால், மரவள்ளிக்கிழங்கில் தொடங்கும் பேச்சு எளிதில் முடியாது. வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு சில வீடுகளில் இன்னும் பெட்டியடியில் கிடக்கிறது. (1945க்குப் பிறகு அது செல்லாக்காசு; எறிய மனம் வரவில்லை போலும்.) அதைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

அன்று பதினைந்து வயதாக இருந்தவர் இன்று நூறை நெருங்கியிருப்பார். இனி நேரில் கண்டவர் கிடைப்பது அரிது. அவர் மடியில் அமர்ந்து கதை கேட்ட பிள்ளைகளே மிச்சம். அவர்களும் முதியவர்களாகிவிட்டனர். அவர்கள் சொல்வதை ‘கேட்டறிந்தது’ என்று குறித்து நூலில் சேர்ப்பதில் தவறில்லை. ஒரு கைப்பேசியும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் மாணவர்களே இதைச் செய்யலாம்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட கல் இல்லை. ஆகவே, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை மூன்று: போனவரின் பெயர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர், அவர் திரும்பி வந்தாரா என்பது.