ஒரே மாதிரி கவனித்தால் போதுமா?

“நோயாளி யாராக இருந்தாலும் நாங்கள் ஒரே மாதிரிதான் கவனிக்கிறோம்.” திருநங்கை, திருநம்பி, தன்பாலின ஈர்ப்பாளர் ஆகியோரைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் செவிலியர்கள் பலர் சொல்லும் பதில் இது. மனதாரச் சொல்கிறார்கள். ஆனாலும் வார்டு வேலைக்கு அது போதாது.

கால் வீங்கி ஒரு திருநங்கை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர் என்றால் ரத்த உறைவு உடனே நினைவுக்கு வர வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, தோழிகள் சொன்ன அளவில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. கேட்டால் ஒழிய அது கேஸ் ஷீட்டில் ஏறாது. அறுவை சிகிச்சை முடிந்த திருநங்கைக்கும் புரோஸ்டேட் சுரப்பி பொதுவாக உடலில்தான் இருக்கிறது. கருப்பை எடுக்காத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. ஆண்கள் வரிசையில் நிற்பவரை அதற்கு யார் அழைக்கப் போகிறார்கள்?

கேட்டாலும் அவர் மனம்விட்டுச் சொல்ல வேண்டுமே! ஓ.பி.யில் பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டு, கூட்டமே திரும்பிப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வார்? யூரின் டியூப் போடும்போது, அங்கே வேலையே இல்லாத இரண்டு பேர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தால், அதற்குப் பிறகு வாய் திறப்பாரா? அவர் மறைத்த மருந்தால் விளையும் கேட்டில் நமக்கும் பங்கு உண்டு. மருந்தின் அளவு தவறுவதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறோமோ, அதே கடுமையோடு இதையும் பார்க்க வேண்டும்.

சட்டம் நம்மை முந்திவிட்டது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் நால்சா வழக்கில் உறுதிசெய்தது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி மனநல சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். பாலீர்ப்பை ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். ஆனால், மகளுக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று அழும் தாயிடம், “கல்யாணம் பண்ணி வைங்கம்மா, சரியாப் போயிடும்” என்று சொல்லும் சிஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாயைத் தேற்றுவதாக நினைத்து மகளை ஆபத்தில் தள்ளுகிறோம்.

செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பணியிடைப் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்த் திருநங்கையரையும் திருநம்பியரையும் பேச அழையுங்கள். அட்மிஷன் படிவத்தில் ‘அழைக்க வேண்டிய பெயர்’, ‘எடுத்துக்கொள்ளும் ஹார்மோன்’ என்று இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள். இவற்றைத் தொடங்க எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.