கைதட்டினோம், கவசம் கொடுத்தோமா?

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியதே, நினைவிருக்கிறதா? கொரோனா நோயாளியை வீடு தேடிச் சென்று தூக்கிய ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காகவும்தான் அந்தக் கைதட்டல். கைதட்டல் கிருமியைத் தடுக்குமா?

அடைத்த வண்டிக்குள் நோயாளி இருமுகிறார். சளியை உறிஞ்சும்போதும், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போதும் கிருமி கலந்த நுண்துளிகள் காற்றில் பரவும். அங்கே துணி முகக்கவசம் போதாது. முகத்தோடு ஒட்டிப் படியும் என்-95 வேண்டும், கண்ணுக்கும் காப்பு வேண்டும், காற்றோட்டம் வேண்டும்.

வியாபாரப் பெருமக்களே! வண்டி வாங்கிக் கொடுத்துப் பெயர் எழுதுவதோடு கடமை முடிந்துவிடுமா? அதில் ஏறுபவருக்குக் கவசமும் வாங்கிக் கொடுங்கள்.

இளைஞர்களே! 108-ஐ அழைக்கும்போது காய்ச்சலையும் இருமலையும் மறைக்காதீர்கள். காக்க வந்தவரையே நோயில் தள்ளிவிட்டு, அடுத்த முறை எந்த முகத்தோடு உதவி கேட்போம்? சிந்தியுங்கள்!