சத்தம் வரவில்லையா? அழிக்காதீர்கள்

கல்யாணிலிருந்து லோக்கல் பிடித்துப் போய் மும்பை லாமிங்டன் ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கி, உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளும் மாணவனுக்குச் சில சமயம் ஒரு தொல்லை வரும்: சத்தமே கேட்காது. ‘டிரைவர் இல்லை’ என்று தீர்ப்பெழுதி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவான். வெட்டி வேலை. லினக்ஸில் பெரும்பாலான ஒலி டிரைவர்கள் தனியாகத் தேடி இறக்க வேண்டியவை அல்ல. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னல் முதல் ஆல்சா என்ற பெயரில் உள்ளேயே இருக்கின்றன. அதற்கு மேல் ஒலியைக் கவனிக்கும் அடுக்காகப் பல்ஸ்ஆடியோ, உபுண்டு 22.10 முதல் பைப்வயர். மேலே வால்யூம் நூறு காட்டும், கீழே ஸ்பீக்கர் மியூட்டாகிக் கிடக்கும். மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திருகுகிற கதைதான். டெர்மினலில் ஆல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள் (பல நேரம் எச்டிஎம்ஐ முந்திக்கொண்டு நிற்கும்). ‘எம்எம்’ என்று காட்டும் இடத்தில் எம் விசையைத் தட்டுங்கள். ஆட்டோ மியூட்டையும் ஒரு பார்வை பாருங்கள். கார்டே தெரியாவிட்டால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். புதிய இன்டெல் லேப்டாப்களில் எஸ்ஓஎஃப் என்ற ஒலி ஃபர்ம்வேர் விடுபட்டிருக்கலாம். பக்கத்து பொவாயிலுள்ள ஐஐடி பாம்பேயில் உருவான ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே, இலவசமாக உண்டு. அதைக் கேட்கவும் சத்தம் வேண்டுமே என்பீர்கள். எழுத்து வடிவமும் கூடவே இருக்கிறது. மறுபடி நிறுவப் பென் டிரைவைக் கையில் எடுக்குமுன் அதைப் படியுங்கள் தம்பிகளே.