ஆயில் கசிவு: சொட்டும் இடத்தை விட்டு மேலே பாருங்கள்!

கேள்வி: டிராக்டர் இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. சம்ப் பேக்கிங் மாற்றியும் நிற்கவில்லை. இன்ஜினை இறக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவசரப்பட வேண்டாம். மேலே கசியும் ஆயிலும் வழிந்து வந்து அடியில்தான் சொட்டும். இன்ஜின் ஆறியதும் டீசல் தொட்ட பிரஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். முகப்பவுடரைத் தூவி, 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் உயரமானதே கசிவின் தொடக்கம்.

அது வால்வு கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர் என்றால் சிறு செலவுதான். பல இடங்களில் கசிந்தால் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள்; அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியே ஆயில் வெளியேறும்.

சரிசெய்யும்வரை தினமும் டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.