மரம் வெட்டுவோருக்கு அத்தாட்சி

கட்டடம் எழும்பும் மனைகளிலே சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரின் அபாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதே மனையில், மரத்தின் உச்சியில், இடுப்பில் ஒரு கயிறும் கையில் ஒரு மிஷின் ரம்பமுமாகத் தொங்குகிற தொழிலாளியின் அபாயம் யார் கண்ணிலும் படுவதில்லை. வாணம் தோண்டுவதற்கு முன் அவரை அழைக்கிறார்கள். வேலை பாதியில் இருக்கும்போது, கிளை குறுக்கே நிற்கிறதென்று மறுபடியும் அழைக்கிறார்கள். ஒரு நாள் வேலை. ஒரு நாள் கூலி. கண்டிராக்டரின் ஆஜர்ப் பட்டியில் அவர் பெயர் ஏறுவதில்லை. அவர் விழுந்தால், விழுந்தவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு மேஸ்திரி கண்டிராக்டரைக் காட்டுவார். கண்டிராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். இந்நிலை நீடிக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். கட்டட மனைகளில் மரம் வெட்டவும் கிளை கழிக்கவும் வருகிறவர்களுக்குத் தேர்ச்சி அத்தாட்சி வேண்டும்; அதைப் பெறும் செலவு அவர்கள் தலையில் விழக்கூடாது. இவ்விரண்டையும் நாம் சேர்த்தே கேட்கிறோம்.

மரம் வெட்டுவதற்கும் அத்தாட்சியா என்று சிலர் நகைப்பர். நகைப்பவர்கள் மரத்தின் மேல் ஏறிப் பாராதவர்கள். ஓடுகிற மிஷின் ரம்பத்தின் நுனி, அதன் மேற்பாகத்தில், தற்செயலாக வேறொரு கிளையில் பட்டுவிட்டால், ரம்பம் பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறி வருகிறது. கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். சாய்ந்து நிற்கும் மரத்தில், சாய்மானத்தின் பக்கம் தக்க வாய்வெட்டு வைக்காமல் முதுகுப்புறத்தை அறுத்தால், அடிமரம் நெடுக்காகப் பிளந்து வெட்டுகிறவர் மேல் பாயும். கிளையை அறுக்கும் ரம்பமே உடலைத் தாங்கும் கயிற்றையும் அறுத்துவிடக் கூடும். இவற்றையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், பட்டவர்களில் பலர் பிறருக்குச் சொல்லித்தர மிஞ்சுவதில்லை.

கட்டட மனையிலோ இவற்றிற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. பொக்லைன் இயந்திரம் வாணம் தோண்டும்போது வேர்களை அறுத்துவிடுகிறது; பிறகு மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். மரம் பச்சையாகவே நிற்கிறது. நிலத்தைப் பற்றியிருந்த பிடி போய்விட்டதென்பது மேலே ஏறுகிறவருக்குத் தெரியாது. கட்டட வேலையில் மரங்களைப் பாதுகாப்பது பற்றி பிரிட்டனில் 2012-ல் வகுக்கப்பட்ட தரநிர்ணயம், அடிமரத்தின் குறுக்களவைப் போல் 12 மடங்கு தூரம் வரை வேருக்குரிய இடமாகக் கொள்ள வேண்டுமென்கிறது. அதாவது, அரை மீட்டர் பருமனுள்ள மரத்தைச் சுற்றி 6 மீட்டர்! நமது மனைகளில் மரத்தை ஒட்டியே குழி பறிக்கிறார்கள். பக்கத்தில் மின்சாரக் கம்பி. கீழே மண் சுமக்கும் சித்தாள்கள். ஆகவே, இவ்விடத்தில் வேலை செய்கிறவருக்கு மரத்தைப் பற்றிய அறிவும் வேண்டும். மனையைப் பற்றிய அறிவும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்றில்லாவிடின் பயனில்லை.

எதற்கெடுத்தாலும் இங்கிலாந்தைப் பார் என்று சொல்வது நமது வழக்கமன்று. ஆயினும், அந்நாடு இவ்விஷயத்தில் செய்த நன்மையையும் செய்த தவறையும் அறிந்துகொள்வது நமக்கு அவசியம். அங்கே இத்தொழிலாளரை மரத்தின் ரண வைத்தியர் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். மரத்திலோ மரத்தின் மேலோ மிஷின் ரம்பத்தை உபயோகிப்பவர் தக்க பயிற்சியும் தேர்ச்சி அத்தாட்சியும் பெற்றிருக்க வேண்டுமென்று, வேலைக் கருவிகள் பற்றிய 1998-ம் வருஷத்து விதிகளோடு சேர்ந்த நடைமுறைத் திரட்டு கூறுகிறது. உயரத்தில் செய்யும் வேலையை முன்கூட்டியே திட்டமிட்டு, தேர்ந்தவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டுமென்பது 2005-ம் வருஷத்து விதி. ஆளைத் தாங்கும் கயிறும் கச்சையும் 6 மாதத்திற்கு ஒரு முறையாவது பரிசோதிக்கப்பட வேண்டும். இவை போற்றத்தக்கவை.

இனி, தவறைப் பார்ப்போம். 1995-ல் அந்நாட்டுக் கட்டடத் தொழில் துறையினர் தேர்ச்சிச் சீட்டு முறை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். அது சட்டமன்று. ஆனால், பெரிய கண்டிராக்டர்கள் அச்சீட்டில்லாதவரை வாசலுக்குள் விடுவதில்லை. ரம்பத்திற்கும் ஏறுதலுக்கும் அத்தாட்சி வைத்திருப்பவர்கூட, வாசலில் காட்ட வேறொரு சீட்டைத் தேடி, வேறொரு பரீட்சைக்குப் பணம் கட்ட நேரிடுகிறது. சட்டப்படி செய்தாக வேண்டிய பாதுகாப்புக் காரியங்களுக்காகத் தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்கலாகாதென்று 1974-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. ஆனால், இத்தொழிலில் பலர் சொந்தப் பொறுப்பில் வேலையெடுத்துச் செய்பவர்களாதலால், செலவு அவர்கள் மடியிலிருந்தே போகிறது. பாதுகாப்பு என்று தொடங்கியது வாசல் வரியாகவும் ஆகிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

நமது நிலைமை என்ன? கட்டடத் தொழிலாளருக்கான 1996-ம் வருஷத்துச் சட்டம் 10 பேரும் அதற்கு மேற்பட்டவர்களும் வேலை செய்யும் இடங்களைப் பற்றியது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதன் 6-ம் பிரிவு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டுமென்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கலாகாதென்றும் சொல்லுகிறது. நல்ல வார்த்தைகள்தாம். ஆனால், ஒரு நாளைக்கு வந்து போகும் நான்கு பேரை யார் தன் ஆளென்று ஒப்புக்கொள்கிறார்கள்? ஆளென்று ஒப்புக்கொள்ளாதபோது, கடிதம் ஏது? கட்டணமின்மை ஏது? பிரிட்டனில் கண்ட ஓட்டையே இங்கும் இருக்கிறது. இங்கு அது இன்னும் பெரிதாக இருக்கிறது.

அத்தாட்சி என்று கேட்டால் ஏழையின் பிழைப்பு போய்விடுமே என்பது ஆட்சேபம். இதை நாம் அற்பமாகத் தள்ளிவிடவில்லை. எத்தொழிலையும் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து பிரஜைகளுக்கு வழங்கியிருக்கிறது. அதே ஷரத்து, தொழிலுக்குரிய தகுதியைச் சட்டத்தால் நிர்ணயிக்கவும் இடம் தருகிறது. நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலை நிலைமைகளை ஏற்படுத்துவது சர்க்காரின் கடமையென்று 42-வது ஷரத்து கூறுகிறது. இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் வழி புலப்படும். உரிமையைப் பறிக்காமல் தகுதியை அளிக்க வேண்டும். 20 வருஷம் மரமேறியவரை எழுத்துப் பரீட்சைக்கு உட்கார வைப்பது அநியாயம். அவர் மரத்தடியில் செய்து காட்டட்டும். கேள்விகளை அவர் பேசும் தமிழிலேயே கேட்கட்டும். முன்பே கற்ற கைத்தொழிலைச் சோதித்து அத்தாட்சி வழங்கும் முறை, மத்திய சர்க்கார் 2015-ல் தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்திலேயே இடம் பெற்றது.

இது நம்மால் ஆகாத காரியமுமன்று. தென்னை ஏற ஆள் கிடைக்காத குறையை நீக்க, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னையின் நண்பர்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, இயந்திரத்தால் ஏறப் பழக்கி, விபத்து இன்ஷ்யூரன்ஸும் செய்வித்தது. தேங்காய்க்காகச் செய்ததை, கட்டடத்திற்காக மரம் வெட்டுகிறவருக்குச் செய்யலாகாதா?

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, கட்டட மனையில் மரத்தில் கை வைப்பவர் ஒரு நாள் வேலைக்கு வந்தாலும், மனைக்குரிய தலைமைக் கண்டிராக்டரின் ஆளாகவே கருதப்பட வேண்டும். இரண்டாவது, மரத்தையும் மனையையும் சேர்த்துச் சோதிக்கும் ஒரே அத்தாட்சி போதும். அது எல்லா மனைகளிலும் செல்ல வேண்டும். மூன்றாவது, பயிற்சிச் செலவையும், பயிற்சி நாட்களின் கூலியையும் கட்டட நல நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். நான்காவது, எங்கெங்கே தோண்டி வேர் அறுபட்டதென்பதை ஏறுவதற்கு முன் எழுத்து மூலம் அறிவிக்காத கண்டிராக்டரே குற்றவாளியாக வேண்டும். அத்தாட்சி தொழிலாளியை மட்டும் கட்டுப்படுத்துவதாயிருந்தால், விபத்து நேர்ந்ததும் 'சீட்டு வைத்திருந்தவன்தானே, அவன் பிழை' என்று கை கழுவ அதுவே உதவும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் நகரசபை அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைகளில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துக் குரல் எழுப்புகிறீர்கள், நன்று. வெட்டப்படும் மரத்தின் மேல் ஒரு மனிதனும் இருக்கிறான் என்பதை மறவாதீர்கள். மரம் வெட்ட அனுமதி கேட்டு மனு வரும்போது, 'வெட்டப்போகிறவர் யார், அவருக்குப் பொறுப்பாளி யார்?' என்ற கேள்வியையும் கேளுங்கள். பதில் இல்லாத மனுவிற்கு அனுமதியும் இல்லை என்று ஒரு நகரசபை உறுதியாக நின்றால், மற்றவை பின்பற்றும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.